இரண்டு கடிகாரங்களும் ஒரு துப்பாக்கியும்

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டுக்குப் பூ வாங்கவோ காய் வாங்கவோ போகாத தமிழ்க் குடும்பம் நம்மில் இருக்காது. பண்டிகை நாளில் அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. அந்த நெரிசலுக்கும் பஸ் இரைச்சலுக்கும் நடுவே ஒரு கல் கோட்டை வாசல் நிற்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட உள்ளே நுழைந்து பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே. நானும் முப்பது வருடம் பார்க்காமல் கடந்து போனவன்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். 1791-ம் ஆண்டு மார்ச் 21-ம் தேதி இந்த இடத்தில்தான் மதிலை உடைத்து ஆங்கிலப் படை உள்ளே புகுந்தது என்று சுவரில் பதித்திருக்கும் கல்லைக் காட்டினேன். கோட்டையைக் காத்து நின்ற கில்லேதார் பகதூர் கான் அன்றிரவு வாளோடு போராடி இறந்தார் என்பதையும் சொன்னேன். குழந்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தா, கோட்டை இங்கே இருக்கு. உள்ளே இருந்த சாமானெல்லாம் எங்கே?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய் நான் தெரிந்துகொண்டதைத்தான் வாசக அன்பர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன். நான் ரயில்வேயில் பாதை பராமரிப்பு வேலை பார்த்தவன். படிப்பு எஞ்சினியரிங் டிப்ளமா. சரித்திரப் பேராசிரியன் அல்ல. திப்பு சுல்தானைப் பற்றி இந்த மாநிலத்தில் இருவேறு கருத்துகள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அவருடைய ஒரு சாமானைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது ஒரு துப்பாக்கி. போருக்காகச் செய்ததல்ல, பறவை வேட்டைக்காகச் செய்தது.

லண்டனில் ஒரு தடை உத்தரவு

2023-ம் ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 'இந்தத் துப்பாக்கியை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக இப்போதைக்கு அனுமதி கிடையாது' என்பதே அதன் சாரம். சொல்லப்பட்ட மதிப்பு 20 லட்சம் பவுன். நம் கணக்கில் சுமார் 20 கோடி ரூபாய்.

துப்பாக்கியின் விவரம் இது. 1793–94-ம் ஆண்டில் திப்புவுக்காகச் செய்யப்பட்டது. மொத்த நீளம் 138 சென்டிமீட்டர், அதாவது நான்கரை அடி. உறுதியான மரக் கட்டையில் வெள்ளி இழைத்திருக்கிறது. குழலில் பொன் வேலையும் வெள்ளி வேலையும் உண்டு. செய்தவர் அஸத் கான் முகம்மது. அவருடைய முத்திரை அதில் இருக்கிறது. மறுபடி மருந்து கெட்டிக்காமலேயே இரண்டு முறை சுடலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

திப்புவின் கைக்காகச் செய்த அந்தத் துப்பாக்கி பின்னாளில் ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. அவர் யார் தெரியுமா? நம் மார்க்கெட் கோட்டையின் மதிலை உடைத்தாரே, அந்தப் படையின் தலைவர் காரன்வாலிஸ் பிரபுவேதான்.

நம் ஊரில் செய்து நம் ஊரிலிருந்து போன ஒரு பொருள், தங்கள் நாட்டைவிட்டு வெளியே போய்விடக்கூடாதே என்று இங்கிலாந்து கவலைப்பட்டது! செய்தியைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. விவரம் தேடத் தேட அந்தச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. அதற்குக் காரணம் அந்த ஆண்டுக் கணக்கு.

தகப்பனும் பிள்ளைகளும்

1790 முதல் 1792 வரை நடந்தது மூன்றாம் மைசூர்ப் போர். காரன்வாலிஸ் அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1781-ல் அமெரிக்காவில் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் தோற்றது அவருடைய படைதான். அங்கே இழந்த பெயரை இங்கே மீட்டுக்கொள்ள வந்தவர் என்றே சொல்லலாம். பெங்களூரைப் பிடித்தார். மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார். திப்பு சமாதானத்துக்கு இறங்கிவர வேண்டியதாயிற்று.

நிபந்தனைகள் கடுமையானவை. ராஜ்யத்தில் பாதி போயிற்று. நஷ்ட ஈடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அந்தப் பாதி ராஜ்யத்தில் திண்டுக்கல் சீமை இருந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்துப் பாராமகால் சீமையும் இருந்தது. வாசகர்களில் பலருக்கு இந்த ஊர்கள்தான் பூர்வீகம். உங்கள் முப்பாட்டனாரின் கிராமம் கும்பெனி ஆட்சிக்குள் போனது இந்த ஒரே உடன்படிக்கையால்தான். அதன் பிறகே கேப்டன் ரீட் என்பவரும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலம் அளக்க வந்தார்கள்.

பணம் முழுவதும் வந்து சேரும்வரை உத்தரவாதம் வேண்டாமா? அதற்காகத் திப்புவின் இரண்டு மகன்களைப் பணயமாகக் கேட்டார்கள். அப்துல் காலிக், முயிஸுத்தீன் என்ற இரு சிறுவர்கள். 1792 பிப்ரவரி 26-ம் தேதி அவர்கள் யானைமேல் ஏறி ஆங்கிலேயர் முகாமுக்குப் போனார்கள். காரன்வாலிஸ் கூடார வாசலில் நின்று வரவேற்று, ஆளுக்கு ஒரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். அந்தக் காட்சியை ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் பெரிய படமாகத் தீட்டினார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸின் பெரிய பளிங்குச் சிலை இருக்கிறது. தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி செய்தது. அதன் பீடத்திலும் இதே காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். அடுத்த முறை சென்னை போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சிறுவர்கள் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இரண்டு வருடம் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி டவுட்டன். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் டவுட்டன் இல்லம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கடைசித் தவணை கட்டி முடித்த பிறகு, 1794-ல் பிள்ளைகள் தகப்பனிடம் திரும்பினார்கள். அவர்களை ஒப்படைத்த இடம் தேவனஹள்ளி. திப்பு பிறந்த ஊரும் அதுதான். இன்று நாம் விமானம் ஏறப் போகிறோமே, அந்தப் பக்கம்தான்.

இப்போது துப்பாக்கியின் ஆண்டை மறுபடி பாருங்கள்: 1793–94. திப்பு தமக்கென்று ஒரு ஆண்டுக் கணக்கு வைத்திருந்தார். அதற்கு மௌலூதி என்று பெயர். அதன்படி இது 1222-ம் ஆண்டு. எண்களை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். பிள்ளைகள் சென்னையில் பணயமாக இருந்த காலமும், பணம் திரட்டுவதற்காக ஊரெல்லாம் வரி தண்டிய காலமும் அதுதான். அந்தக் காலத்தில்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறையில் ஒருவர் உட்கார்ந்து, பறவை வேட்டைக்கான ஒரு துப்பாக்கியில் வெள்ளிக் கம்பியை இழைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கடிகாரம் இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே பிள்ளைகள் கையில் ஏறியது. துப்பாக்கி இங்கிருந்து போய் கடிகாரம் கொடுத்தவர் கைக்கே சேர்ந்தது. சரித்திரம் சில சமயம் இப்படிக் கணக்குத் தீர்க்கிறது.

இரண்டு குண்டு, ஒரு குழல்

எஞ்சினியரிங் படித்தவனுக்கு வேலைப்பாட்டைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய தோட்டா அன்று கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயச் சில்லுகளைப் போட்டு, தக்கை வைத்துக் கம்பியால் கெட்டிப்பார்கள். குழலின் அடியில் பக்கவாட்டில் ஊசித்துளை ஒன்று. துளைக்கு வெளியே சின்னக் கிண்ணம். அதில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால், சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும் குதிரை பாய்ந்து எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணத்தில் விழும். கிண்ணத்து நெருப்பு துளை வழியே உள்ளே ஓடிப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கிண்ணத்தில் முதலில் 'பளிச்' என்று ஒரு வெளிச்சம் வரும். பிறகுதான் வெடி. அந்த இடைவெளியில் கொக்கோ உள்ளானோ உஷாராகிப் பறந்துவிடும்! அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர் பறவை வேட்டைப் பிரியர். இந்த வெளிச்சத்தால் அலுத்துப்போய், தட்டினாலே வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். உலகத்துப் படைகளின் துப்பாக்கியையெல்லாம் மாற்றிப்போட்ட அந்தக் கண்டுபிடிப்பு, பறவை தப்பிவிடுகிறதே என்ற ஆதங்கத்தில் பிறந்தது.

தட்டினால் வெடிக்கும் மருந்து நம் ரயில்வேக்காரர்களுக்குப் புதிதல்ல. பனிமூட்டத்திலும் பாதையில் ஆபத்து நேர்ந்தாலும் டிரைவரை எச்சரிக்கத் தண்டவாளத்தின் மேல் டெட்டனேட்டர் வைப்போம். வட்டத் தகரப் பெட்டிபோல இருக்கும். சக்கரம் ஏறியதும் 'டமார்' என்று வெடிக்கும். நான் சேர்ந்த புதிதில் அதைக் கையில் எடுக்கவே பயந்திருக்கிறேன்.

துப்பாக்கிக் குழலின் அளவை 'போர்' என்று சொல்வார்கள். இது 14 போர். ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமாக 14 உருண்டைகளாக்கினால், ஒரு உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். விட்டம் கிட்டத்தட்ட 17.6 மில்லிமீட்டர் வருகிறது. எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். ஊரில் பண்ணையார் வீடுகளில் இருந்த 12 போர் துப்பாக்கி இதைவிடச் சற்றுப் பெரியது, சுமார் 18.5 மில்லிமீட்டர்.

இரண்டு முறை சுடுவது எப்படி? அந்தக் காலத்தில் இதற்குச் சாதாரண வழி, இரண்டு குழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைப்பது. துப்பாக்கி கனத்துவிடும். திப்புவின் பட்டறையில் கையாண்ட இன்னொரு வழி, ஒரே குழலில் இரண்டு ஈடு மருந்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டிப்பது. முன்னால் இருப்பது முதலில் வெடிக்கவேண்டும், பின்னால் இருப்பது அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துளை. நடுவில் இருக்கும் தக்கையும் ஈயமும்தான் இரண்டுக்கும் சுவர். அந்தச் சுவரில் மயிரிழை கசிந்தாலும் இரண்டு மருந்தும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். குழல் வெடித்துச் சுடுகிறவன் முகம் போய்விடும். ராஜாவின் முகத்துக்குப் பக்கத்தில் வைக்கும் சாமானில் இந்த முறையைச் செய்யத் துணிந்தவனுக்குத் தன் கைவேலைமேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

முத்திரையைப் படிப்பது

அதே சமயத்தில் லண்டனில் ஜோசப் மேன்டன் புகழோடு இருந்தார். பிரபுக்கள் அவர் கடை வாசலில் காத்துக்கிடந்தார்கள். ஆங்கில வேட்டைத் துப்பாக்கி என்றால் இன்றும் அவர் பெயரைச் சொல்வார்கள். அஸத் கான் முகம்மதுவின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? நானே 60 வயதைத் தாண்டித்தான் கேட்டேன்.

அவருடைய தொழிலின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். திப்புவின் தகப்பனார் ஹைதர் அலி 1755-ல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லுக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டார். அங்கேதான் பிரெஞ்சுக் கைவினைஞர்களை வைத்துப் படைக்கலப் பட்டறை அமைத்தார். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் ஒரு காலத்தில் துப்பாக்கிக்கும் இடம் கொடுத்திருக்கிறது. பின்னர் திப்பு 1787-ல் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயிக்குத் தூது அனுப்பியபோதும் கைதேர்ந்த தொழிலாளர்களை அனுப்பும்படிதான் கேட்டார். மேல்நாட்டு வேலையைக் கற்றார்கள். ஆனால் அதன்மேல் நம் மண்ணின் அடையாளத்தைப் போட்டார்கள். திப்புவின் துப்பாக்கிகளில் புலித்தலையும் புலிவரியும் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

எஃகும் நமக்குப் புதிதல்ல. உருக்கு என்ற நம் சொல்லும் உக்கு என்ற கன்னடச் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. 1800-ல் இந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்த புக்கானன், சென்னப்பட்டணாவில் வாத்தியங்களுக்கான எஃகுத் தந்தி இழுத்ததைக் குறித்து வைத்திருக்கிறார். இன்று அங்கே மரப்பொம்மை வாங்குகிறோம். அன்று தந்தி.

ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆக இருந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். எந்தத் தண்டவாளத்தைப் பார்த்தாலும் குனிந்து அதன் இடுப்பில் இருக்கும் எழுத்தைப் படிப்போம். எந்த ஆலையில் உருட்டியது, எந்த வருடம், எந்த எடை என்பதெல்லாம் அதில் புடைத்து நிற்கும். தண்டவாளத்தின் ஜாதகம் அது. ஆனால் அதில் ஆலையின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இந்தத் துப்பாக்கியில் ஆளின் பெயரே இருக்கிறது. சுல்தானின் பொருளில் கொல்லனின் பெயர்! அதனால்தான் 230 வருடம் கழித்து லண்டன் அதிகாரிகள்கூட அந்தப் பெயரைச் சொல்லவேண்டியிருக்கிறது.

சாமானெல்லாம் எங்கே போயின?

1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு கோட்டை வாசலருகே இறந்து கிடந்தார். அதன் பிறகு நடந்த கொள்ளையைப் பற்றி ஆங்கிலேயர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். சிப்பாய்கள் வாரிக்கொண்டது போக மீதியைக் கணக்கெடுத்துப் பதவிக்குத் தக்கபடி பங்கு போட்டார்கள். ஆங்கிலேயன்மேல் பாய்ந்து உறுமும் மரப்புலி இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. படுக்கையறையில் இருந்த வாள் ஒன்று ஜெனரல் பெயர்டுக்குப் போயிற்று. அதை 2023 மே மாதம் லண்டனில் ஏலம் விட்டார்கள். 1 கோடியே 40 லட்சம் பவுனுக்குப் போயிற்று. துப்பாக்கிக்குத் தடை போட்ட அதே மாதம்!

பரணில் கிடந்தவையும் உண்டு. மேஜர் தாமஸ் ஹார்ட் என்ற கும்பெனி அதிகாரியின் வாரிசுக் குடும்பம் ஒன்று, இங்கிலாந்தில் பெர்க்ஷயரில், வீட்டுப் பரணில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்த பழைய வாள்களையும் ஒரு துப்பாக்கியையும் கண்டெடுத்தது. அந்தத் துப்பாக்கி 20 போர், வெள்ளி வேலைப்பாடு, முனையில் ஈட்டிக்கத்தி. 2019 மார்ச்சில் 60 ஆயிரம் பவுனுக்கு ஏலம் போனது.

பொருள்கள் கடல் தாண்டின. மனிதர்கள் நம் பக்கம் வந்தார்கள். திப்புவின் குடும்பத்தாரை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். ஒரு காலத்தில் பணயமாகப் போய்த் திரும்பிய பிள்ளைகளும் அவர்களில் உண்டு. 1806 ஜூலை 10-ம் தேதி அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பத்துப் பெண்கள் பலருடைய சமாதிகள் வேலூரில் இருக்கின்றன. ஜோலார்பேட்டை வழியாக ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாள் இறங்கிப் பார்க்கலாம்.

காரன்வாலிஸ் என்ன ஆனார்? மார்க்விஸ் பட்டம் பெற்று 1793-ல் ஊர் திரும்பினார். 1805-ல் மறுபடி கவர்னர் ஜெனரலாக வந்து, மூன்று மாதத்துக்குள் காஜிப்பூரில் காலமானார். கங்கைக் கரையில் அவர் சமாதி இருக்கிறது. துப்பாக்கியை உடையவனும் இந்த மண்ணில், அதைப் பெற்றவனும் இந்த மண்ணில். துப்பாக்கி மட்டும் கடல் தாண்டிப் போயிற்று!

அவர்கள் சட்டம், நம் சட்டம்

இங்கிலாந்தின் தடை உத்தரவு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லவேண்டும். 1952-ல் வேவர்லி என்பவர் தலைமையில் அமைந்த குழு வகுத்த முறை அது. தனியார் ஒருவர் தம் பழம்பொருளை வெளிநாட்டாருக்கு விற்கலாம். ஆனால் அது நாட்டுச் சரித்திரத்தோடு நெருங்கிய தொடர்புடையதா, அழகில் ஒப்பற்றதா, ஆராய்ச்சிக்கு முக்கியமா என்று மூன்று கேள்விகள் கேட்பார்கள். ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் ஏற்றுமதியை நிறுத்திவைத்து, அதே விலையைக் கொடுக்க உள்நாட்டில் யாராவது முன்வருகிறார்களா என்று பார்க்க அவகாசம் கொடுப்பார்கள். இந்தத் துப்பாக்கிக்கு முதலில் 2023 செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் 1972-ல் பழம்பொருள் சட்டம் வந்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. ஆனால் சட்டம் வருவதற்கு முன் போனதை என்ன செய்வது? கஷ்டம்தான். ஆனாலும் முடியாததல்ல. தஞ்சைப் பக்கத்துப் பத்தூர் நடராஜர் லண்டனுக்குக் கடத்தப்பட்டு, அங்கே நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது நினைவிருக்கலாம். கோயில் சிவலிங்கமே வாதியாக நின்றது. 1991-ல் சுவாமி ஊர் திரும்பினார். அது களவுபோன சொத்து, அதற்குச் சாட்சியும் ஆவணமும் இருந்தன. போரில் அள்ளிக்கொண்டு போனதற்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது? அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இரண்டு வழக்குகளிலும் ஒரு பாடம் உண்டு. யார் செய்தது, யாருடையது, எந்த ஊரில் இருந்தது என்று எழுதிவைத்திருந்தால்தான் பிறகு வாயைத் திறக்க முடியும்.

நகர்ந்த கட்டடமும் போன கல்லும்

சாமான் போய்விட்டாலும், அதை வைத்திருந்த கட்டடம் ஒன்றை நம் ரயில்வே காப்பாற்றியிருக்கிறது. பெங்களூர்–மைசூர்ப் பாதையை இரட்டைப் பாதையாக்கியபோது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் படைக்கலக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியது. கனம் சுமார் ஆயிரம் டன். இடித்துவிட்டால் வேலை ஒரு நாளில் முடியும். இடிக்கவில்லை. அடியில் எஃகு உத்தரங்களைக் கொடுத்து, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஏறும்படி ஹைட்ராலிக் ஜாக்கிகளால் தூக்கி, நூறு மீட்டருக்கு மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தி வைத்தார்கள். 2017 மார்ச்சில் நடந்தது இது. அந்த வேலையில் எனக்குப் பங்கில்லை. லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவர் விரிசல் விடாமல் நகர்ந்ததைப் பார்த்து நின்றபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, குற்ற உணர்வாகவும் இருந்தது.

குற்ற உணர்வு ஏன் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆன சமயம், ஒரு மீட்டர்கேஜ் பாதையில் பழைய வளைவுப் பாலம் ஒன்றை எடுத்துவிட்டுக் குழாய் போடும் வேலை என் பொறுப்பில் நடந்தது. வண்டிகளை நிறுத்தி வாங்கிய ப்ளாக் நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. வயதான கேங்மேன் ஒருவர் ஓடிவந்து, "சார், இந்தக் கல்லுல யாரோ பேரு வெட்டியிருக்காங்க. எடுத்து ஓரமா வச்சிரலாமா?" என்றார். எட்டிப் பார்த்தேன். கன்னட நாட்டின் நடுவில், பாலத்தின் அடிக்கல்லில், தமிழ் எழுத்து. 'முத்து' என்பதுவரை படித்தேன். மீதியில் பாசி. "நேரமில்லை பெரியவரே, ப்ளாக் முடியப்போவுது" என்று சொல்லிவிட்டேன். கல் மற்றக் கல்லோடு சேர்ந்து ஜல்லியாகிப் பாதைக்கு அடியில் போயிற்று.

முத்துசாமியோ, முத்துவீரனோ, முத்தையனோ! கண்டோன்மெண்ட் வந்த 1809-லிருந்து படையோடும் பாதையோடும் இந்த ஊருக்கு வந்த நம் கொத்தனார்களில், கல் தச்சர்களில் ஒருவர். தம் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். அரை மணி நேரத்துக்காக அதை அழித்தவன் நான். அஸத் கான் முகம்மதுவின் பெயர் சுல்தானின் துப்பாக்கியில் இருந்ததால் பிழைத்தது. முத்துவின் பெயர் கருங்கல்லில் இருந்தும் பிழைக்கவில்லை.

ஒரு வேண்டுகோள்

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டில் சுல்தான் துப்பாக்கி இருக்காது. தாத்தா கொண்டுவந்த இரும்புப் பெட்டி இருக்கும். மில் அடையாள அட்டை இருக்கும். அரிவாள்மணையில் கொல்லனின் முத்திரை இருக்கும். பித்தளை அண்டாவில் பெயர் வெட்டியிருக்கும். பழைய எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து படியுங்கள். யார் செய்தது, யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.

ஊர் வீட்டில் உண்மையாகவே பழைய துப்பாக்கி இருந்தால், அதை இங்கே பஸ்ஸிலோ ரயிலிலோ தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்! லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால் அதைத் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ அனுமதி பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு மட்டும் ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. அது அந்த வகையா என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ளாமல் அதிகாரிகளிடம் கேட்பது நல்லது. கொடுப்பதற்கு முன் படம் எடுத்து, குழலில் இருக்கும் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேத்தியிடம் கடைசியில் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "சாமானெல்லாம் லண்டனில் இருக்கம்மா. செஞ்சவங்க பேரு தெரிஞ்சா பாதி நம்ம கிட்ட இருக்கிற மாதிரி" என்றேன். அவள் நோட்டில் அஸத் கான் முகம்மது என்று எழுதிக்கொண்டாள். அதற்குக் கீழே 'முத்து' என்று எழுதி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைக்கச் சொன்னேன்.